கீழே கிடந்தவனை அடித்தவன்

சாட்சிக் கூண்டில் ஏறியதுமே எப்ராம் டோசருக்கு நாக்கு உலர்ந்துபோனது. சொல்ல வேண்டிய பொய்யை ஸ்கெல்பரி பிரபுவின் ஆட்கள் ஒரு வாரமாகப் பாடம் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்டோபர் பன்னிரண்டு மாலை, நாடகாசிரியர் லயனல் கார்ஸ்ட் நகரத்தின் சோஹோ பகுதியில் ஒரு கேடுகெட்ட வீட்டுக்குள் நுழைந்ததை டோசர் கண்ணால் பார்த்தானாம்!

கார்ஸ்ட் ஒழுக்கங்கெட்டவர் என்று கிளப்பில் ஒரு சீட்டில் எழுதி வைத்துவிட்டுப் போனார் பிரபு. கார்ஸ்ட் அவதூறு வழக்குப் போட்டார். இப்போது பிரபு அதை நிரூபித்துவிட்டால், அந்தக் காலச் சட்டப்படி கார்ஸ்டுக்குத்தான் சிறை.

உண்மை வேறு. அன்று மாலை கார்ஸ்ட் நகரத்துக்கு வெகு தூரத்தில், எஸ்ஸெக்ஸில் ஒரு வைக்கோல் கொட்டகையில், டோசரின் முகத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். கையுறை இல்லாத குத்துச்சண்டை, சட்டப்படி குற்றம். எதிராளி ஆமோஸ் பெல் மூன்றாம் நாள் செத்துப்போனான். அங்கே நடுவராக நின்றதே இந்தப் பிரபுதான். என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! டோசர் ஜெயிலுக்குப் போய்விடக் கூடாதென்று கார்ஸ்ட் வாயே திறக்கவில்லை. இப்போதும் எதிரே உட்கார்ந்து, வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

அதைத்தான் டோசரால் தாங்க முடியவில்லை.

"அவரு அங்க போகலைங்க. எங்கூட இருந்தாரு. நானும் ஆமோஸ் பெல்லும் வெறுங்கையால மோதிக்கிட்டோம். அவன் செத்தது என் அடியாலதான்."

பிரபுவின் வழக்கறிஞர் சிரித்தார். "நல்லா கதை விடுறியே! இதுக்கு யாரு சாட்சி? செத்தவனா?"

அன்று கூடியிருந்தவர்களில் ஒருவனும் வாய் திறக்க மாட்டான், எல்லாம் பிரபுவுக்குப் பயந்த கூட்டம். ஆனால் பிரபுவை டோசருக்குத் தெரியும். எத்தனை பொய்யும் கூசாமல் சொல்வார். நடுவராக நின்று தப்பு செய்தார் என்று யாராவது சொன்னால் மட்டும் பொறுக்க மாட்டார்.

"கீழ விழுந்தவன் எந்திரிக்க முப்பது விநாடி குடுக்கணும் ஐயா. பெல் முட்டி போட்டுக் கெடந்தான். நான் அடிச்சேன். அந்தக் கண்ணு அவிஞ்ச நடுவரு பாத்துக்கிட்டே நின்னாரு."

"பொய்!" பிரபு துள்ளி எழுந்தார். "கடிகாரம் என் கையில இருந்துச்சுடா! முப்பதும் எண்ணினேன். அவன் எந்திரிச்சு தரையில போட்ட கோட்டுல வந்து நின்ன பிறகுதான் நீ அடிச்சே!"

சொல்லி முடித்த பிறகுதான் மனிதருக்கு உறைத்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ நீங்களும் அங்கதான் இருந்தீங்க. கார்ஸ்ட் எங்க இருந்தாருன்னும் உங்களுக்குத் தெரியும்."

ஒரு போலீஸ்காரர் டோசரின் பக்கத்தில் வந்து நின்றார்.

மேல்மாடத்தில் ஒரு பெண் எழுந்தாள். பெல்லின் மனைவி மார்த்தா. நேர்மையான சண்டையில்தான் புருஷன் போனான் என்று டோசரை மன்னித்தவள்.

"எப்ராம், யாரு சொல்றது நெசம்? கீழ கெடந்தவனையா அடிச்சே?"

பிரபு சொன்னதுதான் நிஜம். அதை ஒப்புக்கொண்டால் டோசர் சொன்ன மற்றதையும் யார் நம்புவார்கள்? கார்ஸ்ட் மறுபடி மாட்டிக்கொள்வார்.

"ஆமா, மார்த்தா," என்றான்.

"நாசமாப் போவே!" என்று சொல்லிவிட்டு அவள் சால்வையால் வாயைப் பொத்திக்கொண்டு படியிறங்கிப் போனாள்.