மீசைக்காரர் கடையும் ஒரு மார்க்கும்

விராலிமலை நான்குவழிச் சாலையோரம் பங்கிராஸ் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பலகை கிடையாது, அவருடைய மீசைதான் பலகை. மதுரை லாரிக்காரர்கள்கூட ‘மீசைக்காரர் கடை’ என்று கேட்டுத்தான் வண்டியை ஓரங்கட்டுவார்கள். அப்பேர்ப்பட்ட மீசைக்கு வேட்டு வைத்தாள் அவர் மனைவி ஷர்லி.

மகள் ஜெனிபர் பத்தாம் வகுப்புக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கினால், வீட்டுக்காரர் முடியைக் காணிக்கை தருவதாக ஆவூர் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டாள்.

“என் தலையில ஏதுடி முடி?” என்று வழுக்கையைத் தடவினார் பங்கிராஸ்.

“தலைமுடின்னு நான் சொல்லவே இல்லையே. இருக்குற எடத்துல எடுத்துக்கங்க.”

அன்றிலிருந்து மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஜெனிபர் கணக்குப் புத்தகத்தை எடுத்தாலே, “கண்ணு கெட்டுப்போகும் தாயி, செத்த டிவி பாரு,” என்பார். பெற்ற தகப்பன் பேசுகிற பேச்சா இது? அவளோ டிவியை அணைத்துவிட்டு இன்னும் நாலு கணக்குப் போடுவாள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் தொண்ணூற்றொன்பது. பங்கிராஸுக்குத் தலைகால் புரியவில்லை. மீசையை முறுக்கிக்கொண்டு, கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் டீ வாங்கிக் கொடுத்தார். மத்தியானம் சாப்பிட வீட்டுக்குப் போனால், ஜெனிபர் கேள்வித்தாளை மடியில் வைத்து அழுதுகொண்டிருந்தாள்.

“எல்லாமே சரியாத்தான்ப்பா போட்டேன். அந்த ஒரு மார்க்கு எங்கிட்டுப் போச்சுன்னே தெரியல.”

டீ வாங்கிக் கொடுத்ததை நினைக்கப் பங்கிராஸுக்கு வெட்கமாக இருந்தது.

“கெளம்பு தாயி. மறுகூட்டலுக்குப் போட்டுட்டு வருவோம்.”

ஷர்லிக்கே மனசு கேட்கவில்லை. “யோசிச்சுக்கங்க. நூறு வந்துட்டா மீசை போயிரும்.”

“போனா மொளைக்கும். எம் புள்ள மார்க்கு மொளைக்குமா?” என்று வண்டியை எடுத்தார்.

சில நாளில் பதில் வந்தது. ஒரு பக்கத்தில் கூட்டாமல் விட்டுப்போன ஒரு மார்க் சேர்ந்து, நூறு.

இருபது வருஷமாக அந்த மீசைக்குக் கத்திரி பிடித்தவர் சலூன்காரர் பெரியண்ணன். எடுத்த கத்திரியை அவரே கீழே வைத்துவிட்டார். “ஓரத்துல மட்டும் கொஞ்சம் நறுக்கி மாதாவுக்குக் குடுத்துருவோமாண்ணே?”

பங்கிராஸ் கண்ணாடியில் மீசையைக் கடைசியாக ஒருதரம் பார்த்தார். பின்னால் பெஞ்சில் ஜெனிபர், வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தாள்.

“எம் மக என்ன ஓரத்துல மட்டுமா வாங்கியிருக்கா? முழுசா எடுய்யா.”