எலுமிச்சைக்குப் பின்னால்

“பொறந்த வீட்டுக் கோடி யாரு போடுதா?” என்று ரத்தினம் சித்தப்பா கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் வாசலில் அந்த பைக் வந்து நின்றது. ஹெல்மெட்டைக் கழற்றியவனுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கையில் மாலை. நமசிவாயத்துக்கு இவன்தான் பென்னி என்று யாரும் சொல்லாமலே தெரிந்துவிட்டது.

காலையில் மனைவி குழல்வாய்மொழியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து கிடத்தியதும் அவள் செல் அடித்தது. திரையில் பென்னி என்று பெயர். எடுத்து, “அவ செத்துட்டா” என்று சொல்லி வைத்துவிட்டார். அந்தப் பக்கம் ஒரு ஆம்பளைக் குரல் ஐயோவென்று கதறியது இன்னும் காதில் கிடந்தது. ஊரான் பெண்டாட்டி செத்தால் எவன் அப்படிக் கதறுவான்?

சந்தேகம் இன்று நேற்று வந்ததல்ல. காப்பி போட்டு வைத்த கையோடு செல்லைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள். மேலகரம் முழுக்கச் சாரல் அடிக்கிற நாளிலும் போவாள். எலுமிச்சைக்குப் பின்னால் குத்தவைத்துத் தன்னால் சிரிப்பாள். இவர் செருப்புச் சத்தம் கேட்டால் செல்லைக் கவிழ்த்துவிடுவாள். கேட்டால், “சிலந்தியப் படம் பிடிக்கேன்” என்பாள். ஐம்பத்தாறு வயதில் ஒருத்தி சிலந்தியைப் பார்த்துச் சிரிக்கிறாளாம், அதை இவர் நம்ப வேண்டுமாம்.

பென்னி மாலையைப் போட்டுவிட்டு அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். பார்த்தவரை போதும் என்று நமசிவாயம் அவன் தோளைத் தொட்டு வெளியே கூட்டிவந்தார்.

“எந்த ஊரு?”

“சுரண்டை, அண்ணாச்சி. செல்கடை வச்சிருக்கேன். அக்கா செல்லுல மாட்டுத லென்ஸ் எங்கிட்டதான் வாங்குனாவ.”

அக்காவாம். எல்லாப் பயலும் அக்கா என்றுதான் ஆரம்பிப்பான்.

“அக்கா தோட்டத்த ஒருதரம் பாத்துக்கிடட்டுமா?”

இவர் தலையாட்டுவதற்குள் அவன் நடந்துவிட்டான். மோட்டார் ரூமைச் சுற்றி, துவைகல்லைத் தாண்டி, நேரே எலுமிச்சைக்குப் பின்னால் போய்க் குத்தவைத்தான். நமசிவாயத்துக்கு ரத்தம் தலைக்கேறியது.

“முன்ன இங்கன வந்திருக்கியோ?”

“இல்ல அண்ணாச்சி. அக்கா நடந்துக்கிட்டே வீடியோ எடுத்து அனுப்புவாவ. இந்தக் கல்லு தெரியும், கொடியில உங்க வேட்டி தெரியும்.” ஒரு இலையை மெல்லத் திருப்பினான். அரிசி பருமனில் ஒன்று துள்ளி அடுத்த இலைக்குப் போனது. “இவன்தான். பொட்டைக்கு முன்னால ரெண்டு காலையும் தூக்கிக்கிட்டு ஆடுவான். அவ திரும்பிக்கூடப் பாக்க மாட்டா. அதப் பாத்துத்தான் அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாவ. உங்ககிட்ட காட்டலியா?”

நமசிவாயம் அந்தச் சிலந்தி தாவிய இலையைத் தேடினார்.

“எங்க வீட்டு அவுகளுக்கு ஒட்டடை அடிக்கத்தான் தெரியும்னு அக்கா சொல்லுவாவ” என்றான் பென்னி, தரையைப் பார்த்து.

அவளுடைய சிரிப்பு இத்தனை நாளும் சுரண்டைக்குப் போயிருக்கிறது. ஒரே கூரைக்குள் இருந்தவருக்கு வந்து சேரவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பொறாமையாக இருந்தது. சிலந்தி நிசம்தான். ஆனால் சிலந்தி மட்டும்தானா?

“நமசிவாயம், நேரமாவுது. கோடிக்கு ஆளு உண்டா, இல்லியா?” உள்ளேயிருந்து சித்தப்பா கத்தினார்.

குழல்வாய்மொழி ஒரே பிள்ளை. கோடி என்கிற அந்த முதல் சேலையைக் கூடப்பிறந்தவன்தான் போர்த்த வேண்டும். இலத்தூரில் இருக்கிற அவள் பெரியப்பா மகனோடு ரொம்ப நாளாகப் பேச்சு இல்லை. சொல்லி அனுப்பியும் அவன் வரவில்லை.

நமசிவாயம் உள்ளே போய், குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தவள் பக்கத்தில் கிடந்த புதுச்சேலையை எடுத்து, அத்தனை பேர் முன்னாலும் பென்னியிடம் நீட்டினார். மனசில் வேறு நினைப்பு உள்ளவனால் இதைத் தொட முடியாது. இப்போது தெரிந்துபோகும்.

“நீ போடு.”

“நா வேதக்காரன்லா, அண்ணாச்சி. சர்ச்சுக்குப் போறவன்.”

“அக்கான்னு சொன்னேல்லா?”

அவன் முகத்தை விட்டு நமசிவாயம் கண்ணெடுக்கவில்லை. பென்னி அவரைப் பார்க்கவே இல்லை. கையிரண்டையும் பேண்டில் துடைத்துக்கொண்டு சேலையை வாங்கினான். மடிப்பைப் பிரிக்கத் தெரியவில்லை.

“கரை எந்தப் பக்கம் வரணும்?” என்று கேட்கும்போதே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

நமசிவாயம் குனிந்து மறுமுனையைப் பிடித்தார்.

“நீ தொடப்படாது” என்றார் சித்தப்பா. “இது அவ பொறந்த வீட்டுச் சேல.”

நமசிவாயம் முனையை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.