ஒட்டிக்கொண்ட சீட்டுகள்

கல்யாணமா, வேண்டாமா என்று புனிதர்தான் சொல்ல வேண்டும். நைல் கரையில் அந்த ஊர் வழக்கம் அப்படி. இரண்டு நாணல்தாள் சீட்டுகள். ஒன்றில் 'செய்', மற்றதில் 'செய்யாதே'. மடித்து நூல் சுற்றி விசுவாசத்துக்காக உயிர்விட்ட அந்தப் புனிதரின் கல்லறை விளக்கடியில் வைத்தால், ஒன்றை அவர் வெளியே அனுப்புவார். எடுத்துத் தருகிற கை கோயிலில் வேதம் படிக்கும் வாசகர் அனூப்பினுடையதுதான் என்பதை யாரும் பெரிதுபடுத்துவதில்லை.

சென்மூதியின் கணவன் பமூன் கோதுமைப் படகில் வடக்கே போனவன். அதன்பின் வருஷத்துக்கு ஒன்றாக ஏழு வெள்ளம் வந்து வடிந்துவிட்டன. இப்போது குயவன் ஹோரியோன் அவளைப் பெண் கேட்கிறான். அவளுக்கும் ஆசைதான். ஆனால் சீட்டு எழுதி வாங்கப் போனது மாமியார் தலூஸ். "வந்துருவான்டி" என்று தினமும் மகனுக்கும் சேர்த்து ரொட்டி சுடுகிறவள். இரண்டிலும் 'செய்யாதே' என்றுதான் எழுதச் சொல்லியிருப்பாள், கிழவி லேசுப்பட்டவளா என்று சென்மூதி உள்ளுக்குள் குமைந்தாள்.

மதிய வெயிலுக்குக் கல்லறையின் உள்ளறை குளுகுளுவென்று இருந்தது. சாம்பிராணிப் புகை கண்ணைச் சொக்க வைத்தது. தூணில் சாய்ந்தவளுக்கு, ஆற்று நீர் வாசற்படி ஏறி மெல்ல உள்ளே வருவதுபோல் இருந்தது. விளக்குகள் அதில் மிதந்தன. துடுப்பில்லாத படகொன்று அவள் முழங்காலைத் தொட்டு நின்றது. உள்ளே ஒருவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கினான். எழுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. போகட்டும் என்று படகை அவளே தள்ளிவிட்டாள்.

"ஏண்டி, தூங்குறியா? எடுக்கப் போறாரு, பாரு," என்று தலூஸ் விலாவில் இடித்தாள்.

விளக்கின் எண்ணெய் சிந்தியிருந்ததால் அனூப்பின் விரலோடு இரண்டு சீட்டும் ஒட்டிக்கொண்டு வந்தன. பிரிக்கும்போது நூல் நழுவியது. ஒன்றைப் படித்தார், மற்றதையும் படித்தார். முகம் கடுத்தது.

"என்னம்மா இது? புனிதருக்கே தண்ணி காட்டுறீங்களா? ரெண்டுலயும் ஒண்ணேதான் எழுதியிருக்கு."

"எனக்குத் தெரியும் அத்தே," என்றாள் சென்மூதி. "'செய்யாதே'ன்னுதான?"

"'செய்'னு இருக்கு," என்றார் அனூப்.

தலூஸ் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெனமும் வந்துருவான், வந்துருவான்னு சொன்னீங்களே அத்தே."

"உனக்காகச் சொன்னேன்டி. நீ அழுதுருவேன்னு."

கிழவி அழுவாளே என்றுதான் சென்மூதியும் ஏழு வருஷமாகத் தலையாட்டிக்கொண்டிருந்தாள்.

"இது செல்லாது," என்றார் அனூப், குரல் தணிந்து. "ஒண்ணு 'செய்', ஒண்ணு 'செய்யாதே'ன்னு எழுதிட்டு வாங்க."

"சீட்டு வேணாம் சாமி," என்றாள் தலூஸ். "ஞாயித்துக்கிழமை பூசையில, இறந்தவங்க பேரு படிப்பீங்கல்ல? அதுல பமூனையும் சேர்த்துக்குங்க. அப்புறம் இவளை யாரும் ஒண்ணும் கேக்க முடியாது."

அனூப் பேர் எழுத மெழுகுப் பலகையை எடுத்தார். சிறுவயதில் பமூனுக்கு எழுத்துக் கற்றுக்கொடுக்க முயன்று தோற்றவர் அவர்தான். ஆனாலும் முறைப்படி கேட்டுத்தானே ஆக வேண்டும்.

"பமூன். யார் மகன்?"

தலூஸ் வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மறுபடி முயன்றாள்.

சென்மூதி அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"தலூஸ் மகன்," என்றாள்.