சீழ் எந்தக் கையிலிருந்து வந்தது

அந்தத் தண்ணீர்க் குழாய் இருமியது நிஜமா, இல்லை மயக்க ஊசி காட்டிய கனவா?

மாதர் குழுக் கூட்டத்தில் பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சினாலெய் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். வயிற்றை அறுத்துப் பிள்ளையை எடுத்த அன்று, இடுப்புக்குக் கீழே மரத்துப்போய், வெள்ளை வெளிச்சத்தில் மிதந்து கிடந்தாள். திரைக்கு அப்பால் குழாய் வெறும் காற்றை இருமியது. யாரோ வாளி கேட்டார்கள். கையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் பாதியில் நின்றது. பிறகு குழந்தை அழுதது.

வீடு திரும்பியதும் காய்ச்சல். கூரை கடலாக அசைந்தது. வயிற்றுத் தையல் வழியாக மீன்கள் உள்ளே போய்ப் போய் வந்தன. சீழின் நாற்றம்கூட வேறு யாருடையதோ போலிருந்தது. மறுபடி ஆஸ்பத்திரி, தையலைப் பிரித்துக் கழுவினார்கள். குழந்தை பக்கத்து வீட்டுப் பாலில் வளர்ந்தது.

அத்தை தலிலாங்கி வந்தது மட்டும் கனவில்லை. அவள் மாமியாரின் தங்கை. பிள்ளை பெற்ற வயிற்றைத் தேங்காய் எண்ணெய் தொட்டு நீவிவிடுகிறவள். ஊரில் அவள் கை படாத தாய் இல்லை. சினாலெய் வீடு வந்த அன்றே காயத்துக் கட்டைப் பிரித்து நீவினாள். வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இதமாகவும் இருந்தது.

கடல் தாண்டி ஆக்லாந்தில் இருக்கும் அக்கா லோசாவுக்கும் இதே அறுவைதான். தழும்பு தலைமுடி இழை போல மங்கிவிட்டதாம். அவளுடைய பக்கத்துக் கட்டில்காரிக்குத்தான் சீழ் வைத்ததாம். "யாரு கை கழுவினாங்க, கத்தியை எப்படிச் சுத்தம் பண்ணினாங்கன்னு ஆஸ்பத்திரியிலே அவங்க ஆளுங்களையே குடைஞ்செடுத்துட்டாங்கடி. அவகிட்ட மன்னிப்பு வேற கேட்டாங்க" என்று போனில் சொன்னாள். சினாலெய்க்கு அது தூரத்துத் தீவின் கதை போலிருந்தது. இங்கே கேள்வி அவளைத் தேடித்தான் வந்தது. என்ன பூசினாய், யாரைத் தொடவிட்டாய்?

இப்போது நர்ஸ் இலிசபெத்தா பேசிக்கொண்டிருந்தாள். சினாலெயின் புண்ணைத் தினமும் முகம் சுளிக்காமல் கழுவியவள். எண்ணெயில் தொடங்கிய பேச்சு எண்ணெயை விட்டு நகரவில்லை. அறுத்த இடத்தில் பூசக் கூடாது, கட்டைப் பிரிக்கக் கூடாது என்றாள். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் பெண்களின் கண்கள் ஒவ்வொன்றாக அத்தையின் கைகளுக்குப் போயின.

"இனிமே அத்தையை மீன் பொரிக்க மட்டும் கூப்பிடலாம்" என்றாள் தூணோரத்தில் ஒருத்தி. சிரிப்பு கிளம்பியது. அத்தையும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கைகளை மடியில் கிடந்த துணிக்குள் இழுத்துக்கொண்டாள்.

நர்ஸ் சினாலெயின் பக்கம் திரும்பினாள். "நீயே சொல்லும்மா. அனுபவிச்சவ சொன்னாத்தான் நம்புவாங்க. எண்ணெய்தான் இதைப் பண்ணிச்சுன்னு ஒரு வார்த்தை."

அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு இந்த ஊரில் எந்த வாசலும் அத்தையை அழைக்காது. ஒருவேளை எண்ணெயாகவே இருக்கலாம். பாதியில் நின்ற தண்ணீராகவும் இருக்கலாம். சினாலெய் தனக்குள் எவ்வளவு ஆழம் இறங்கிப் பார்த்தும் அங்கே வெள்ளை வெளிச்சம்தான் இருந்தது.

"எண்ணெய் பூசாதீங்கன்னு சொல்றேன், சிஸ்டர். கட்டைப் பிரிக்காதீங்கன்னும் சொல்றேன்" என்றாள் மெதுவாக. "எண்ணெய்தான் பண்ணிச்சுன்னு மட்டும் சொல்ல மாட்டேன்."