சாட்சி சொன்ன இரைப்பை

தானியக் களஞ்சியத் தலைவர் உசெர்ஹாத் இறந்த ஐம்பத்திரண்டாம் நாள் காலையில், நரித்தலை மூடி போட்ட ஜாடிக்குள் இருந்த அவருடைய இரைப்பை பேச ஆரம்பித்தது. முதலில் ஓர் ஏப்பம் விட்டது. பிறகு, ஆற்றில் வெள்ளம் பொய்த்த வருஷம் குயவன் செத்மோசின் வாத்தைத் தான் தின்றதாகவும், அது செத்மோசின் மனைவியின் பிரசவத்துக்கென்று வளர்த்தது என்றும், கொழுப்பு நன்றாக இருந்தது என்றும் சொன்னது. குரல் உசெர்ஹாத்தின் குரலேதான். வெட்கம் மட்டும் அதில் இல்லை. வெட்கம் இதயத்தில் இருப்பது; இதயத்தை எங்கள் வழக்கப்படி உடம்பிலேயே விட்டிருந்தார்கள். அன்று தீப்ஸின் மேற்குக் கரையில் வடக்கிலிருந்து காற்று வீசியது. மீன் மலிவாகக் கிடைத்தது.

வேலையில் ஒரு குறையும் இல்லை. வெட்டுக்காரன் பகாமென் கருங்கல் கத்தியால் இடது விலாவுக்குக் கீழே ஒரே கீறலாகக் கீறிவிட்டு, கத்தியைப் போட்டுவிட்டு ஓடினான். செத்தவர் உடம்பில் காயம் செய்தவனைச் சொந்தக்காரர்கள் கல்லெறிந்து விரட்ட வேண்டும் என்பது சடங்கு. கூழாங்கல்லாகப் பொறுக்கி, படாதபடி எறிந்து, கொஞ்சம் திட்டிவிட்டு வீட்டுக்குப் போவார்கள். உசெர்ஹாத்தின் மூத்த மகன் நக்த்துக்கோ துக்கத்தை ஊரே பார்க்க வேண்டும் என்று ஆசை. கைப்பிடி அளவுக் கல்லை எடுத்தான். பகாமெனின் நெற்றி பிளந்தது. பிறகு கல்லீரலும் நுரையீரலும் இரைப்பையும் குடலும் கழுவி, உப்பில் உலர்த்தி, துணி சுற்றப்பட்டு நான்கு ஜாடிகளுக்குள் போயின. மூளையை மூக்கு வழியாகக் கொக்கியால் இழுத்து எறிந்தார்கள். அதற்கு அப்படி என்ன வேலை இருந்தது என்று யாருக்கும் தெரியவில்லை. உசெர்ஹாத் அதைப் பெரிதாகப் பயன்படுத்தியதையும் யாரும் பார்த்ததில்லை. கடைசியாகப் பூசாரி நெசமூன் இதயத்தின் மேல் பச்சைக்கல்லில் செய்த வண்டுத் தாயத்து ஒன்றை வைத்தார். ‘என் இதயமே, நீதிமன்றத்தில் எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே’ என்று அதில் செதுக்கியிருந்தது. இதயம் கீழ்ப்படிந்தது. இரைப்பையின் வாயை அடைக்க யாருக்கும் தோன்றவில்லை.

அது தினமும் பேசியது. நெய்பவளின் அத்திப்பழம், விதவை ஒருத்தி விதைக்கு வைத்திருந்த கோதுமை, கல் உடைப்பவர்களின் திருவிழா பீர் என்று தின்றதும் குடித்ததும் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. கேட்க ஜனம் உடல் பதனிடும் கொட்டகை வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்தது. நெசமூன் சாம்பிராணி போட்டார், மூடியை மெழுகால் அடைத்தார், இன்னும் கோபமான முகம் உள்ள நரித்தலை ஒன்றைச் செய்யச் சொன்னார். இரைப்பை அந்த நரி வாய் வழியாக இன்னும் உரக்கப் பேசியது.

உசெர்ஹாத்தின் மனைவி ஹெனுத்தவிக்குத் தூக்கம் போயிற்று. எழுபதாம் நாள் அடக்கம். ஜாடியை விட்டுவிட்டுப் போனால் மறுவுலகத்தில் அவர் பட்டினி. கூடவே அனுப்பினால் செத்தவர்களின் தெய்வம் ஒசிரிஸ் முன்னால், நாற்பத்திரண்டு நீதிபதிகளுக்கு எதிரில், அது இதையெல்லாம் சொல்லும். இதயத்தை நிறுக்கும் தராசு சாயும், அதனடியில் காத்திருக்கும் முதலை வாய்க்காரி இதயத்தை விழுங்குவாள், மனிதர் இரண்டாவது தடவை செத்துப்போவார், அதற்கப்புறம் எங்குமே இருக்கமாட்டார். குறட்டை விடுகிற, பேராசை பிடித்த மனிதர்தான். ஆனாலும் நாற்பது வருஷம் பழகிய குறட்டை. அதை மறுபடி கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது.

அவள் தந்திரம் ஒன்றும் செய்யவில்லை. வாத்துக் கதையைக் கேட்டுக் கூசிப்போய், செத்மோஸ் வீட்டுக்கு ஒரு வாத்தை அனுப்பினாள், அவ்வளவுதான். மறுநாள் இரைப்பை வாத்தைப் பற்றி மூச்சுவிடவில்லை. அத்திப்பழம் அனுப்பினாள், அத்திப்பழமும் மறந்துபோயிற்று. அதற்குப் பிறகு அந்த வீட்டு அடுப்பு அணையவே இல்லை. கடவுள் பெரிய பூஜைகளுக்குக் காத்திருப்பதில்லை என்பதை எங்கள் தெரு அந்த வாரம் வயிறாரத் தெரிந்துகொண்டது.

அறுபத்தேழாம் நாள் ஒரே ஒரு பேச்சுதான் மிச்சம் இருந்தது. “பகாமெனோட வெங்காயம்,” என்றது இரைப்பை. ஹெனுத்தவி வேலைக்காரியிடம் ஒரு வெங்காயத்தைக் கொடுத்தனுப்பினாள். “பகாமெனோட வெங்காயம்.” ஒரு கூடை அனுப்பினாள். “பகாமெனோட வெங்காயம்.” கடைசியில் பாயைச் சுருட்டிக்கொண்டு, நக்த்தையும் இழுத்துக்கொண்டு, பாலைவன ஓரத்தில் இருந்த பகாமெனின் குடிசைக்கே போனாள்.

பகாமென் இரண்டு எட்டுப் பின்னால் போனான். “கல்லெல்லாம் ரெண்டு மாசம் முன்னாடியே எறிஞ்சு முடிச்சாச்சேம்மா. இன்னும் பாக்கி இருக்கா?”

“வெங்காயம் கொண்டாந்திருக்கேன்ப்பா.”

“நேத்துதான் ஒரு கூடை வந்துச்சு. என் கழுதையே மூஞ்சியத் திருப்பிக்குது.”

“அவரு உன் வெங்காயத்தை எப்படித் தின்னாரு? அதைச் சொல்லு.”

“படகுல போறப்ப என் மடியிலேருந்து எடுத்தாரு. எடுத்துக்கிட்டு அந்தக் கோடிக்குப் போய் உக்காந்து தின்னாரு. என் மேல பொணவாடை அடிக்குதாம். வெங்காயத்துல மட்டும் அடிக்கல போல.”

ஹெனுத்தவி பாயை விரித்து உட்கார்ந்தாள். பக்கத்தில் தட்டிக் காட்டினாள். “நக்த், உக்காரு.”

“இவன்கூடவா? ஊர் என்னம்மா சொல்லும்?”

“ஊர் சொல்ல என்னடா மிச்சம் இருக்கு? எல்லாத்தையும் உங்கப்பா வயிறே சொல்லிடுச்சு.”

நக்த் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் பகாமெனின் நெற்றித் தழும்பு அவன் கண்ணுக்கு நேரே வந்தது. வேறெங்கும் பார்க்க முடியாத அளவுக்குப் பாய் சின்னது. நக்த் ஒரு வெங்காயத்தை உடைத்து, பெரிய பாதியைப் பகாமெனிடம் நீட்டினான். “கல்லு... கொஞ்சம் பெருசா எடுத்துட்டேன்ணே,” என்றான்.

பகாமென் கடித்து மென்றான். “உப்புக் கம்மி.”

“உன் வீட்டுல உப்பு இல்லையா?” என்றான் நக்த்.

“இருக்கே. உங்கப்பா நாப்பது நாள் கெடந்த உப்பு. போடட்டுமா?”

முதலில் சிரித்தது ஹெனுத்தவிதான். மூவரும் ஒரே பாயில் ரொட்டியும் வெங்காயமும் தின்று முடித்த நேரத்தில், கொட்டகையில் ஜாடி பெருமூச்சு விட்டு அடங்கியதாகக் காவல்காரன் வந்து சொன்னான். எழுபதாம் நாள் நான்கு ஜாடிகளும் ஒழுங்காகக் கல்லறைக்குப் போயின. நெசமூன் தன் மந்திரம் பலித்தது என்றார். யாரும் மறுக்கவில்லை, வாயில் ரொட்டி இருந்தது.

இப்போது நெசமூன், இரைப்பைக்கென்றும் ஒரு பச்சைக்கல் வண்டு விற்கிறார். அதை வைத்த மற்றவர்களின் ஜாடிகளும் பேசத்தான் செய்கின்றன. பகாமெனை இன்றும் சடங்குக்குக் கல்லால் எறிகிறார்கள்; எறிந்தவர்களே பின்னாலேயே ரொட்டியை எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். பெரிய உத்தியோகஸ்தர் யாராவது காய்ச்சலில் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டால், எங்கள் தெருப் பெண்கள் தங்கள் பானைகளைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டு, எழுபது நாளைக்குள் சாப்பாடு வரும் என்று பொறுமையாக வேறு வேலை பார்க்கிறார்கள்.