ஐம்பத்தெட்டு மதிப்பெண்

லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, மகளின் தேர்வு அறிக்கையைக் குழல்விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தார் அப்பா. கல்லூரி நுழைவுக்கான மாதிரித் தேர்வு அது. உண்மைத் தேர்வுக்கான விண்ணப்பத்தில் அவர் கையெழுத்துப் போட்டு, ஐந்து மணிக்குள் பள்ளியில் கொடுத்தாக வேண்டும். மணி நாலேகால்.

"ஐம்பத்தெட்டு! பாதியைத் தாண்டுறதுக்குள்ளயே நுரை தள்ளிடுச்சு போல."

"பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கப்பா. பெர்சென்டைல் தொண்ணூத்தி மூணு. நூறு பேர் எழுதினா தொண்ணூத்தி மூணு பேர் எனக்குக் கீழே. கேள்வித்தாள் அவ்வளவு கஷ்டம். காலேஜ்ல இதைத்தான் பார்ப்பாங்க."

"உன் கண்ணுக்குப் பவர் ரெண்டுன்னா ரெண்டுதாம்மா. ஊரான் கண்ணைப் பார்த்தா உனக்கு லென்ஸ் தேய்ப்பேன்?"

ஃபிரேம்களைத் துடைத்துக்கொண்டிருந்த அண்ணன் பெரிதாகச் சிரித்தான். போன வருடம் இதே நுழைவுத் தேர்வில் அவன் வாங்கியது எழுபது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா அதைச் சொல்லிப் பூரித்துப்போவார். அது சுலபமான கேள்வித்தாள் என்பதும், அவனுடைய பெர்சென்டைல் நாற்பத்தொன்று என்பதும் அவருக்குத் தெரியாது. அந்தப் பக்கத்தை அவர் கண்ணில் அவன் காட்டவே இல்லை; தங்கைக்கு மட்டும் தெரியும். எந்தக் கல்லூரியும் கூப்பிடாதபோது, "இடமே இல்லையாம்பா" என்று முடித்துவிட்டான்.

"எழுபது வாங்கின இவனுக்கே இடம் இல்லைன்னுட்டாங்க. உன் ஐம்பத்தெட்டுக்கு வாசல்ல வந்து நிக்கப் போறாங்களா?"

"அண்ணா, உனக்குத் தெரியும்ல? நீயாவது சொல்லேன்!"

துணியை மடித்து வைத்தான் அவன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது சும்மா வரிசை நம்பர்ப்பா. மார்க்குதான் கணக்கு."

அப்பா விண்ணப்பத்தை நான்காகக் கிழித்து, தேய்த்து வைத்திருந்த லென்ஸ்களுக்கு நடுவே ஒவ்வொரு துண்டாகச் செருகினார். கீறல் விழாமல் இருக்க அவர் எப்போதும் செய்வதுதான்.

அவர் மறுபடி இயந்திரத்தைப் போட்டதும் அவள் அண்ணனின் அருகில் போனாள். "உன் நாற்பத்தொண்ணை நான் சொல்லட்டுமா?"

"தாராளமா சொல்லு பாப்பா," என்றான் கனிவாக. "இப்ப சொன்னா பொறாமைன்னுதான் நினைப்பாரு."

அவள் கண்களில் நீர் கோத்தது. அதைக் கண்டு அப்பாவுக்கு மனம் இளகிவிட்டது.

"அட, இதுக்குப் போய் அழுவாங்களா? நாளையிலேர்ந்து என் பக்கத்துலயே இரு. தொழிலை நான் கத்துத் தர்றேன் என் ராசாத்திக்கு."

அண்ணன் ஒரு முக்காலியைத் துடைத்து அவளுக்கு இழுத்துப் போட்டான்.