பாதியில் எழுந்த பந்தி

திண்டிவனத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில் ஆபிரகாம் லிங்கனுக்குச் சந்தனப் பொட்டு வைத்து, நடுவில் குங்குமமும் இட்டிருந்தார்கள். கழுத்துக்குச் சாமந்தி மாலை, காலடியில் ஊதுவத்தி. விழுப்புரத்தில் சினிமா பேனர் எழுதுகிறவர் வரைந்த படம். கதாநாயகர்களுக்குப் பூசிப் பழகிய கை. கன்னத்தில் ரோஜா நிறத்தை அள்ளி அப்பியிருந்தார். தாடி தாராளமாக அமைந்துவிட்டதால், லாரியிலிருந்து இறங்கிய சனங்களில் பாதிப்பேர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். எந்த மடத்துச் சாமி என்று ஒருவர் விசாரித்தார். சாமி இல்லை, அமெரிக்காக்காரர், சண்டையை நிறுத்தினவர் என்று வாசலில் நின்ற கட்சிக்காரர் விளக்கம் சொன்னார்.

பக்கத்தில் நின்ற அந்தோணிசாமி காதில் அது விழுந்தது. லிங்கன் சண்டையை நிறுத்தியவர் அல்ல, நடத்தியவர். திருத்தலாம் என்று வாயைத் திறந்தார். லிங்கனை இந்தச் சமாதான விழாவுக்குள் கூட்டி வந்ததே தான்தான் என்பது நினைவுக்கு வர, மூடிக்கொண்டார்.

விழுப்புரத்தில் ஒரு டுட்டோரியலில் வரலாறு நடத்திப் பிழைப்பவர் அவர். எம்.ஏ.வில் அமெரிக்க வரலாறு சிறப்புப் பாடம். பிறந்தது காணைக்கு மேற்கே ஒரு கிராமத்துக் காலனியில். அந்தக் கிராமத்தில் இரண்டு பெரிய மனிதர்கள். ரைஸ்மில் சுப்பராயலு ஒரு கட்சி, கரும்புக் கொல்லை சக்கரபாணி எதிர்க்கட்சி. ஒரே சாதி, பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவு. நாலு வருஷத்துக்கு முன்னால் மாரியம்மன் கோயிலில் யாருக்கு முதல் மரியாதை என்று தொடங்கிய தகராறு அடிதடியானது. காலனிக்காரர்கள் எதிரிக்கு ஆள் கொடுத்துவிட்டார்கள் என்று இருவருமே முடிவு கட்டினார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அன்று ராத்திரி காலனியின் கிழக்கு வரிசையை ஒரு தரப்பு கொளுத்தியது, மேற்கு வரிசையை மறு தரப்பு கொளுத்தியது. ஊருக்குள் ஒரு ஓடுகூட உடையவில்லை. காலனியில் விருத்தாசலம் என்ற, கால் விளங்காத மனிதர் குடிசையோடு எரிந்துபோனார். அவர் மனைவி பொன்னி அன்று திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போய் அங்கேயே தங்கியிருந்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு பெரிய மனிதர்களும் வளர்ந்த வளர்ச்சி இருக்கிறதே, மழைக்காலத்துக் காளான் தோற்றது. சுப்பராயலுவின் நெற்றியில் கல்பட்ட தழும்பு ஒன்று உண்டு. மேடை ஏறினால் முதல் வேலையாகக் கிராப்பை ஒதுக்கி அதைக் காட்டுவார். சக்கரபாணி தன் ஆள் ஒருவனின் ரத்தக்கறைச் சட்டையைப் பீரோவில் பத்திரப்படுத்தி, கூட்டத்துக்குக் கூட்டம் எடுத்து உதறினார். சண்டை நடந்த அன்று அவர் பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டலில் இருந்தார் என்பது வேறு கதை.

அந்தோணிசாமி இதையெல்லாம் பார்த்து வகுப்பில் சிரிக்கச் சிரிக்கப் பாடம் எடுப்பார். அமெரிக்காவிலும் உள்நாட்டுப் போர் முடிந்தபின் ஒரு தலைமுறைக்குத் தளபதிகள்தான் நாற்காலி பிடித்தார்கள். ரத்தம் தோய்ந்த சட்டையைக் காட்டி ஓட்டு வாங்குவது அங்கே ஒரு தொழிலாகவே இருந்தது. கூலிக்கு ஆள் பிடித்துத் தனக்குப் பதில் போருக்கு அனுப்பிய ஒருவரும் பின்னாளில் ஜனாதிபதியானார். இதற்கு நடுவில் ஒரு தேர்தலில் யார் ஜெயித்தார் என்று இழுபறி வந்தபோது வடக்கும் தெற்கும் ராஜி பேசின. வடக்குக்கு நாற்காலி, தெற்கிலிருந்து பட்டாளம் வாபஸ். விடுதலையான கறுப்பர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்த இடம் வரும்போது அந்தோணிசாமி சாக்பீஸை மேசைமேல் எறிந்துவிட்டு, "தூ" என்பார். மாணவர்கள் அதையும் நோட்டில் எழுதிக்கொள்வார்கள்.

எண்பத்தைந்தின் கடைசியில் உள்ளாட்சித் தேர்தல் வரப்போகிறது என்று பேச்சு அடிபட்டது. இருவரும் மோதிக்கொண்டால் மூன்றாவது ஆள் யூனியன் சேர்மன் ஆகிவிடுவான் என்று யாரோ கணக்குப் போட்டுக் காட்டினார்கள். உடனே இருவர் நெஞ்சிலும் சகோதரபாசம் சுரந்தது. சுப்பராயலு சேர்மன், சக்கரபாணி வைஸ் சேர்மன். குறுக்கே நின்றது தீ வைத்த வழக்கு ஒன்றுதான். விழுப்புரத்தில் விசாரித்தால் கலாட்டா ஆகும் என்று அது திண்டிவனம் கோர்ட்டுக்குப் போயிருந்தது. அன்று காலனிக்கு வந்திருந்து, இரு தரப்பிலும் கொளுத்தியவர்களைக் கண்ணால் பார்த்த சாட்சி அந்தோணிசாமி. அவர் ஒருவர் பேசாவிட்டால் வழக்கு தானாகவே படுத்துவிடும்.

சுப்பராயலு டுட்டோரியலுக்கே வந்து, பெஞ்சில் மாணவன்போல் உட்கார்ந்தார். தான் ஒரு கல்லூரி தொடங்கப்போவதாகவும், அதற்குத் தாயார் பெயரையும் உலகத் தலைவர் ஒருவர் பெயரையும் சேர்த்து வைக்க ஆசை என்றும், வாத்தியார்தான் நல்ல தலைவராகச் சொல்ல வேண்டும் என்றும் கேட்டார். லிங்கன் என்று அந்தோணிசாமி சொன்னார். லிங்கன் அஞ்சம்மாள் கலைக் கல்லூரி பிறந்தது.

"இருட்டுல யாரு எவருன்னு எவனுக்குத் தெரியும் வாத்தியாரே? எனக்கே தெரியாது," என்றார் சுப்பராயலு. "கோர்ட்டுல அத்தச் சொல்லிட்டு வந்துடு. நம்ம காலேஜுல ஹிஸ்டரி டிபார்ட்மெண்டே உன்னுதுதான்."

சாக்பீஸ் தூளைத் தின்று வளர்ந்த ஆசை பொல்லாதது. அந்தோணிசாமி "சரிங்க" என்றார். சொன்ன வாய்க்கு அப்போது ஒன்றும் கசக்கவில்லை.

ஆக, சாட்சி விசாரணைக்கு நாள் குறித்த அன்றைக்கே, கோர்ட்டுக்குப் பக்கத்து மண்டபத்தில் சமாதான விழா. கல்லூரிக்குச் சொன்ன லிங்கனே இதற்கும் படமானார். காலையில் பாராட்டுரை, மதியம் சமபந்தி, சாப்பாடு முடிந்ததும் சாட்சி. ஏற்பாட்டில் ஒரு குறை சொல்ல முடியாது.

அந்தோணிசாமியின் உரை லிங்கன் மரக்குடிசையில் பிறந்ததில் தொடங்கியது. போருக்கு அரை நூற்றாண்டு கழித்து, இரண்டு பட்டாளத்துக் கிழவர்களும் பழைய போர்க்களத்தில் கூடி, கல்சுவரின் இரு பக்கமும் நின்று கைகுலுக்கிய காட்சியோடு நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். நிறுத்தினார். அந்த முகாமில் கூடாரம் போட்டதும் சமைத்ததும் கிழவர்களுக்குக் கம்பளி எடுத்துக் கொடுத்ததும் கறுப்பர்கள் என்பது தொண்டைவரை வந்தது. விழுங்கினார். எதிரே காலனி ஆண்கள் பந்திக்கு பெஞ்சு தூக்கிக்கொண்டிருந்தார்கள். மேடையில் சக்கரபாணி, மச்சானும் தானும் இந்த மாவட்டத்தின் வடக்கும் தெற்கும் என்று முழங்கினார். நடுவில் எரிந்தது எது என்று அவர் சொல்லவில்லை.

பந்தி போட்டார்கள். இந்தப் பக்கத்தில் பந்திக்கு ஒரு முறை உண்டு. வரிசையில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழக் கூடாது. பெரியவர் எழுந்துவிட்டாலோ, எல்லாரும் எழ வேண்டும். காலனி சனங்கள் இரண்டு பக்கமும், நடுவில் பெரிய மனிதர்கள் இருவரும், அவர்களை ஒட்டி அந்தோணிசாமியும். சுப்பராயலுவுக்கு நேர் எதிரே பொன்னியை உட்கார வைத்திருந்தார்கள். போட்டோவில் விழ வேண்டும் அல்லவா. மச்சான்கள் ஒருவர் வாயில் ஒருவர் கேசரி ஊட்டினார்கள். பிளாஷ் எரியவில்லை. அதே கேசரியை வெளியே எடுத்து மறுபடி ஊட்டினார்கள். மூன்றாம் தடவை எரிந்தது.

இலையில் அப்போதுதான் சோறு விழுந்து, சாம்பார் ஊற்றிக்கொண்டு வந்தார்கள். சுப்பராயலு கையை உதறிக்கொண்டு எழுந்தார். பின்னாலேயே சக்கரபாணி. மாடியில் வக்கீல்களோடு பிரியாணி காத்திருந்தது. வாசனை முன்பே படியிறங்கி வந்துவிட்டது. முறை முறைதானே, காலனி சனங்கள் பிசைந்த கையோடு எழுந்தார்கள். அடுத்த பந்திக்கு பெஞ்சைப் பிடித்தபடி முதுகுக்குப் பின்னால் நின்ற கட்சிக்காரர்கள், எழுந்து முடிப்பதற்குள் இடம் பிடித்தார்கள். பரிமாறுகிறவன் பொன்னியின் இலையைச் சோற்றோடு சுருட்டிக் கூடையில் போட்டான்.

அந்தோணிசாமி எழவில்லை. தியாகமெல்லாம் ஒன்றுமில்லை. பசி. காலையிலிருந்து லிங்கனைப் பேசிப் பேசி வயிறு காய்ந்திருந்தது. ஒரு கவளம் உருட்டியிருந்தார், அதை வைத்துவிட்டு எழ மனம் வரவில்லை. படித்த புத்தகமெல்லாம் செய்யாததை அந்தக் கவளம் செய்தது என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது.

கட்சிக்காரர் ஒருவர் தோளைத் தொட்டார். "எழுந்திருங்க வாத்தியாரே. மொதலாளி எழுந்துட்டாரு."

"அவரு சாப்ட்டாரா?"

"இன்னும் இல்ல."

"நானும் இன்னும் சாப்புடல," என்று சொல்லிவிட்டு அந்தோணிசாமி கவளத்தை வாயில் போட்டார்.

பொன்னி ஒரு கணம் பார்த்தாள். பின் எதிரே இருந்த தன் பெஞ்சில் மறுபடி உட்கார்ந்து, "எலய போடு" என்றாள். இடம் பிடித்த கட்சிக்காரர் பாதி உட்கார்ந்தும் உட்காராமலும் தடுமாறி எழுந்துகொண்டார். ஒவ்வொருவராக எல்லாரும் உட்கார்ந்தார்கள். வரிசை நிறைந்துவிட்டது. மண்டபத்தில் பிசைகிற சத்தம் மட்டும் கேட்டது. படியில் நின்ற சுப்பராயலு இறங்கி வந்து, குனிந்து, அந்தோணிசாமியின் காதருகே பேசினார். குரலில் பாசம் வழிந்தது.

"பசி போல. சாப்டு, சாப்டு. இந்த ஒரு தபா நான் சும்மா பாத்துக்கினு இருப்பேன். கோர்ட்டுல வாய் தவறுச்சின்னா, அப்பறம் எந்தப் பந்தியிலயும் உனக்கு எல இருக்காது. புரியுதா?"

புரிகிறது என்று அந்தோணிசாமி தலையாட்டினார். ரசம் கேட்டு வாங்கி ஊற்றிக்கொண்டார். மோரும் சாப்பிட்டார்.

சாப்பிட்ட கையோடு சாட்சிக் கூண்டில் ஏறினார். இருட்டாகத்தானே இருந்தது என்று சுப்பராயலுவின் வக்கீல் பிரியாணி ஏப்பத்தோடு எடுத்துக் கொடுத்தார். இருட்டுதான், ஆனால் கூரை எரிந்துகொண்டிருந்ததால் வெளிச்சம் நிறைய இருந்தது என்றார் அந்தோணிசாமி. கிழக்கு வரிசையில் பந்தம் வைத்தவர் சுப்பராயலுவின் மகன் என்று கையைக் காட்டினார். இத்தோடு நிறுத்திவிடுவார் என்று நம்பிச் சக்கரபாணியின் முகம் மலர்ந்துகொண்டிருந்தபோதே, மேற்கு வரிசையில் வைத்தவர் அவருடைய இளைய மைத்துனர் என்று அந்தக் கையை இந்தப் பக்கம் திருப்பினார். விருத்தாசலம் எந்த வரிசை என்று நீதிபதி கேட்டார். கிழக்கு என்று பின்பெஞ்சிலிருந்து பொன்னி சொன்னாள். குறுக்கே பேசக் கூடாது என்று சேவகர் அதட்டினார். நீதிபதி எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் சுப்பராயலுவும் சக்கரபாணியும் நின்றார்கள். காலையில் மேடையில் கட்டிப்பிடித்தபோது இருவருக்கும் இடையே ஒரு முழம் இடைவெளி இருந்தது. இப்போது தோள்கள் ஒட்டியிருந்தன. போட்டோக்காரர் இல்லாத இடத்தில் சக்கரபாணி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அந்தோணிசாமி படியிறங்குவதை இருவரும் ஒரே முகமாகப் பார்த்தார்கள். உண்மையான சமாதானம் அப்போதுதான் ஏற்பட்டது.

அந்தோணிசாமி எச்சிலைக் கூட்டித் துப்பிவிட்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார். காலனிக்காரர்களைத் திருப்பி அழைத்துப் போக வேண்டிய லாரி, யாரையும் ஏற்றாமல் அவரைத் தாண்டிப் போனது.